பல்லடத்துக் கோழிகளுக்குப் போன சத்து

கண்ணு,

போனில் கூப்பிட்டால் மூணு பேச்சு பேசுவதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிடுவேனாம். அதனால் எழுதித் தொலையுங்கள் என்று உன் அம்மா ஒரு நோட்டையும் பேனாவையும் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முப்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாததா? மில் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொரு மணி. இந்நேரத்துக்கு இங்கே ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காது என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு நெற்களத்தில் புறா நடக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. மில் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பொங்கலுக்கு வந்த நீ ஒரு வாய் சாப்பிடாமல் கோயமுத்தூர் பஸ் ஏறிப் போய் ஒரு மாசத்துக்கு மேலாகிறது. நீ திரும்பி வந்து இந்த மில்லை எடுத்து நடத்துவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு வர வேண்டுமென்றால், அதற்கு முன்னால் சில விஷயங்களை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

உன் அப்பனுக்கு வெள்ளை அரிசி மேல் ஒரு பைத்தியம். காங்கேயத்தைச் சுற்றி எத்தனையோ மில் இருக்கிறது, ஆனால் நம் மில் அரிசியில் ஒரு கறுப்பு, ஒரு பழுப்பு, ஒரு கல் கிடையாது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்திலேயே கலர் சார்ட்டர் வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு அரிசியையும் கேமராவில் பார்த்து, நிறம் மாறி இருப்பதைக் காற்றால் ஊதித் தள்ளுகிற மிசின். அது வந்த அன்று ஊரே பார்க்க வந்தது. வீட்டுக்கு என்று தனியாக இரண்டு தடவை பாலிஷ் போட்டு அனுப்புவேன். மல்லிகைப்பூ கணக்காகச் சோறு. அதில் இருந்த சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். நீ பிறக்கிறபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, "ஏனுங்க, அரிசி மில் வெச்சிருக்கறவரு ஊட்டம்மாவுக்கு ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்குதே, என்னதான் சாப்பாடு போடறீங்க?" என்று கேட்டாள். அவசர அவசரமாக இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் உன்னையும் உன் அம்மாவையும் மீட்டுக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது பயமில்லை கண்ணு, ரோஷம். என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாளே என்ற ரோஷம். அந்த ரோஷத்தில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் யோசிக்கவே இல்லை.

அப்புறம் நீ ஒன்பதாவது படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக மில்லுக்கு வருவாய், யூனிபார்ம் பாக்கெட்டில் வெறும் அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டு நறநறவென்று மென்றுகொண்டே இருப்பாய். "இப்படித் தின்னீன்னா உன்ற கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டும் பாரு" என்று உன் அம்மா திட்டுவாள். நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்: "மில்லுக்காரன் புள்ள அரிசி திங்காம வேற எதைத் திங்கும்?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். படியேறினால் உனக்கு மூச்சு வாங்கும். காலையில் எழுப்ப முடியாது. சோம்பேறி என்று திட்டினேன். உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்கு மண், சாக்பீஸ், வேகாத அரிசி மேலெல்லாம் வாய் போகும் என்பதை நீ கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போய், நீயே ரத்தம் பரிசோதித்துக்கொண்டு, நீயே எங்களுக்குச் சொன்னாய். வேறு வீடாக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அரிசி மில் வீட்டில் பிள்ளை அரிசி தின்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? எங்கள் கண்ணை மறைத்தது எங்கள் தொழில்தான்.

அதனால், ரேசனுக்கும் சத்துணவுக்கும் போகிற அரிசியில் சத்து கலக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தபோது முதலில் சந்தோஷப்பட வேண்டியவன் நான். நான் என்ன செய்தேன்? "அரிசிக்குள்ள அரிசியக் கலக்கோணுமாமா, நல்ல கூத்துடா" என்று கேலி பேசினேன். நீதான் அன்றைக்குப் போனில் பொறுமையாகச் சொன்னாய். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி பன்னிரண்டு மூன்றையும் பிசைந்து மறுபடி அரிசி மாதிரியே பிழிந்து எடுக்கிறார்கள், நூறு கிலோ அரிசிக்கு அதில் ஒரு கிலோ கலந்தால் போதும் என்றாய். உப்பில் அயோடின் சேர்த்ததால் உலகம் முழுக்க எத்தனை பேருடைய கழுத்துக் கழலை போனது, எத்தனை குழந்தைகளுடைய மூளை தப்பியது என்றாய். கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கிற தேசங்களில் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கிற குழந்தைகள் குறைந்திருக்கிறார்கள் என்றாய். "யாரையும் புதுசா எதையும் திங்கச் சொல்ல வேண்டாங்கப்பா. அவங்க தினமும் திங்கறதுலயே போய்ச் சேந்துருது. நடுவுல இருக்கற நம்மளை மாதிரி ஆளுங்க ஒழுங்கா கலந்தாப் போதும்." ஒழுங்காகக் கலந்தால் போதும் என்று நீ சொன்ன அந்த ஒரு வேலையைத்தான் நான் கெடுத்தேன்.

பிளெண்டர் மிசின் வந்தது, கலந்தோம், அனுப்பினோம். ஒரு மாசம் கூட ஆகவில்லை. ஊருக்குள்ளிருந்து ஏழெட்டுப் பொம்பளைகள் மில் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் ஒரு டம்ளரில் தண்ணீர், அதில் மிதக்கிற அரிசி. "ஏனுங்ண்ணா, உங்களை நம்பித்தான இத்தனை நாளா திங்கறோம்? பிளாஸ்டிக் அரிசியக் கலந்து உடறீங்களே, உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுல்லீங்?" என்று ஒருத்தி கேட்டாள். செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவை இன்னொருத்தி காட்டினாள். சத்து கலந்த அரிசி கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், தண்ணீரில் போட்டால் சிலது மேலே வரும், அவ்வளவுதான். அதை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் மில் அரிசியைப் பார்த்துப் பிளாஸ்டிக் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்! அன்று சாயங்காலமே பைப்பை மாற்றிப் போடச் சொன்னேன். சார்ட்டரில் தள்ளி முடித்த அரிசியைத்தான் பிளெண்டருக்கு விட வேண்டும், அதுதான் முறை. நான் பிளெண்டரில் கலந்த அரிசியை மறுபடி ஒரு தரம் சார்ட்டருக்குள் விட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று ஆட்களிடம் சொன்னேன்.

சார்ட்டருக்கு இரும்பும் தெரியாது, ஃபோலிக்கும் தெரியாது. மஞ்சளைக் கண்டால் ஊதும். அது தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தது தெரியுமா? கலந்ததில் முக்கால்வாசியை எடுத்துக் கழிவு மூட்டையில் போட்டுவிட்டது. கழிவு எங்கே போகும்? வழக்கம்போலப் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்கு. இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். முதல் நாளே அந்த மூட்டையில் கை விட்டுப் பார்த்தேன், தெரிந்தது. மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அதிகாரி சாம்பிள் கேட்டு வந்தபோது பிளெண்டர் வாயிலேயே படியைப் பிடித்து நானே அள்ளிக் கொடுத்தேன். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மிசின் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுபடி யாரும் டம்ளரோடு வரவில்லை. அரிசி பளபளவென்று போனது. உன் அப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

மாட்டுப் பொங்கலன்று நீ மில்லைச் சுற்றிப் பார்க்க வந்தாய். நான் சார்ட்டரைப் பெருமையாகக் காட்டினேன். நீ சார்ட்டரைப் பார்க்கவில்லை, அதன் பின்பக்கம் போய்க் கழிவு மூட்டையைப் பார்த்தாய். ஒரு கை அள்ளினாய், முகம் மாறிப்போனது.

"ஏனுங்கப்பா, இது எங்கீங்க போகுது?"

"கோழிக்கு. ஏன்?"

"இதுல இருக்கறது பூராச் சத்தரிசிங்கப்பா. கோழிக்கு ரத்தம் ஊறுது, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஊறலைங்க. மிசினைச் சித்த நிறுத்தச் சொல்லுங்க."

அன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய், ஆனால் நான் மறக்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "நாலு எழுத்துப் படிச்சுப்போட்டு வந்து எனக்கு மில் ஓட்டச் சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து ஓட்டறேன். போ அக்கட்ட!" என்று கத்தினேன். நீ அழவில்லை. கையிலிருந்த அரிசியைத் திரும்ப மூட்டையில் போட்டுவிட்டு, "சரிங்கப்பா" என்றாய். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. பதிலுக்கு நீ கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நீ சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

நீ போய் மூன்று வாரம் இருக்கும். மத்தியானம் களத்தைக் கூட்டுகிற செல்வி இருக்கிறாளே, இரண்டு பிள்ளைக்காரி, சிரித்த முகமாக இருப்பாளே, அவள் கழிவு மூட்டைப் பக்கம் நின்று வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தாள். "என்ன அங்க மேஞ்சுட்டு இருக்கற?" என்று அதட்டினேன். பயந்துபோய் முந்தானையை விரித்துக் காட்டினாள். ஒரு கைப்பிடி அரிசி. "திருடலீங் மொதலாளி. என்னமோ தெரியிலீங், வாய் கேட்டுட்டே இருக்குதுங். கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்." அவள் உதட்டைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. கூட்டுமாறைப் பிடித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். எனக்கு உன் யூனிபார்ம் பாக்கெட் கண் முன்னால் வந்து நின்றது. என்னடா மனுஷன் நீ, பெத்த பிள்ளையிடம் ஒருமுறை பார்த்தும் உனக்குப் புத்தி வரவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உன் அம்மாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அன்றே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார்கள். மாத்திரை, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, கீரை, முட்டை என்று எழுதிக் கொடுத்தார்கள். என் அரிசி ஒழுங்காகப் போயிருந்தால் அவளுக்கு ஒன்றுமே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஒரு கவளம் சோறு வைத்தியம் ஆகிவிடாது. சில ரத்த நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் இந்த அரிசியைச் சாப்பிட வேண்டும் என்பதையும் அங்கேதான் கேட்டுக்கொண்டேன். எல்லாம் சரி. திரும்பி வரும்போது காரில் உன் அம்மா சும்மா பேச்சுக்கு, "புள்ளைங்க நல்லாத் திங்குதா செல்வி?" என்று கேட்டாள். "பள்ளிக்கொடத்துல மத்தியானச் சோறு திங்குதுங்கம்மா. நம்ம மில்லு அரிசிதானுங். ஊட்டுலயும் ரேசன்ல அதேதானுங். முந்தியெல்லாம் பிளாஸ்டிக் கெடந்துச்சு, இப்பச் சுத்தமா இருக்குதுங்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். என்னைப் பாராட்டுகிறாளாம். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அங்கேயே, செல்வி முன்னாலேயே சொன்னேன்.

மறுநாள் காலையில் பைப்பைப் பழையபடி மாற்றினேன். முதலில் சார்ட்டர், கடைசியில் பிளெண்டர், அதற்குப் பிறகு நேரே மூட்டை. அத்தோடு விடவில்லை. டம்ளரோடு வந்த அதே பொம்பளைகளுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னேன். களத்தில் அடுப்பு மூட்டி, சத்தரிசியை மட்டும் தனியாக ஒரு சட்டியில் போட்டு வேக வைத்தேன். சோறாக வெந்தது. விரலால் மசித்துக் காட்டினேன். "பிளாஸ்டிக்கா இருந்தா இப்படி மசியுங்களா? நீங்களே பாருங்க." அவர்கள் முன்னால் நானே ஒரு வாய் சாப்பிட்டேன். கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது, வேறொன்றும் இல்லை. முன்னே கேட்டில் என்னைக் கேள்வி கேட்டவள் அன்றைக்கும் விடவில்லை. "அதைய மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏனுங்ண்ணா பொறுக்கி வீசப் போறோம்? உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரிசி களைந்த தண்ணீரோடு மேலே மிதப்பதைக் கொட்டிவிடாதீர்கள், அளவாகக் கழுவுங்கள் என்று உன் அம்மா சொல்லிக் கொடுத்தாள். ஒன்று சொல்கிறேன் கண்ணு, ஜனங்கள் சந்தேகப்பட்டால் அதற்குக் கோபப்படாதே. தன் பிள்ளை தட்டில் விழுகிறதைப் பற்றித்தான் கேட்கிறாள். கேட்கிறவளுக்குப் பதில் சொல்லிவிட்டால், நாளைக்கு அவளே பத்து வீட்டுக்குச் சொல்லுவாள். இவளும் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல் போகிற அரிசி சரி. ஏற்கெனவே போனது? ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாது, சாம்பிளெல்லாம் பாஸ். சும்மா இருந்தால் ஆர்டர் கைவிட்டுப் போகாது, உன் கையில் ஓடுகிற மில்லாகக் கொடுக்கலாம். சொன்னால், அரசாங்க நெல் அரைக்கிற உரிமையே போனாலும் போகும். உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "சொல்லிப்போட்டு வாங்க. எதுக்கு என்னையக் கேக்கறீங்க?" என்றாள். திங்கட்கிழமை அதிகாரியிடம் போய்க் கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை, எந்த மூட்டைகள், பைப்பை யார் மாற்றச் சொன்னது, சாம்பிளை எங்கே பிடித்துக் கொடுத்தது, எல்லாம். விசாரணை முடிகிற வரை மில்லை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த அமைதி. பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வெறும் கட்டடமாக நின்றாலும் இதை மறுபடி ஓட்ட எனக்குத் தெரியும். இந்த அரிசி போக வேண்டிய அரிசி, கலக்க வேண்டியது கலந்தாக வேண்டும், அதில் எனக்கு இப்போது எள்ளளவு சந்தேகம் கிடையாது. அதைச் சரியாகக் கலக்க என்னைவிடத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதிலும் சந்தேகம் கிடையாது.

அதிகாரிக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஆட்களையெல்லாம் சார்ட்டர் பக்கம் வரச் சொன்னேன். பொங்கலன்று நின்ற அத்தனை பேரும் வந்தார்கள், செல்வியும் வந்தாள். கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். இந்தத் தவறை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. அந்த இடத்தில் உன் பெயரை முழுசாக எழுதி, "என் மகள். மிசினை நிறுத்தச் சொன்னாள், நான் நிறுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அதையும் அவர்கள் முன்னால் படித்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வருகிறார்கள். உன்னையும் கேட்பார்கள், வந்துவிடு. மில்லை நீ எடுத்து நடத்துவாயா என்பதற்குப் பதில் அதற்குப் பிறகு சொன்னால் போதும். மில் போய்விடக் கூடாது என்று எனக்காக எதையும் மறைத்துப் பேசிவிடாதே. நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல், நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்கிறேன்.

உன் அப்பா